உறை போடாத பறை

பறையைக் காய்ச்சுவதுதான் முதல் பாடம். வைக்கோலைக் கொளுத்தி, தீயிலிருந்து ஒரு முழம் தள்ளித் தோலைக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் வெடித்துவிடும். சுற்றிக்கொண்டே இருந்து, நடுநடுவே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'தொப்' என்று கிடந்த தோல் 'டங்'கென்று எழும்பினால் போதும், எடுத்துவிடலாம். அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆசான் சொல்லமாட்டார். "காது சொல்லும் தம்பி, கேட்டுக்க" என்பதோடு சரி.

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சி.எஸ்.ஐ. சபையில் நான் ஆர்மோனியக்காரன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எங்கள் வீட்டில் தாலாட்டு மாதிரி. அந்த சாஸ்திரியார், சபைக்குள் சாதி வழக்கத்தை மிஷனெரிகள் மாற்ற முனைந்தபோது எதிர்த்து எழுதியவர் என்பதை மிகப் பிந்தித்தான் படித்தேன். பாட்டின் அழகு அதனால் குறையவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் யாருடைய காதுக்கு வாசிக்கிறோம் என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது.

பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்த தியாபிலஸ் அப்பாவு, அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர், 2005இல் காலமானார். கிராமத்துப் பேச்சிலும் நாட்டுப்புற மெட்டிலும் முழு ஆராதனையையே அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதில்தான் திருவிருந்தின் அர்த்தம் இருக்கிறது என்பது அவர் பாட்டுகளின் அடிநாதம். அவற்றை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். நுனிநாக்கில் பேசுகிற மாதிரி இருந்தது. பறை வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆசான் எங்கள் குருசேகரத்துக்காரர்தான், ஆனால் காலனிச் சபை. ஒரே போதகர், ஒரே ஜெபப்புத்தகம், இரண்டு ஆலயம், இரண்டு கல்லறைத் தோட்டம். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று கடல் கடந்து வந்த பிரிவினைகளெல்லாம் சென்னை கதீட்ரலில் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. உலகமே வியந்த ஐக்கியம். ஸ்காட்லாந்துக்காரனுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும் இருந்த வழக்கு தீர்ந்தது. எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவே இருக்கிற வாய்க்காலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் ஆசானைச் சின்னப் பையன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். நான் "ஆசானே" என்றபோது நிமிர்ந்து பார்த்தார். "கத்துக்கலாம். ஆனா பறைய இங்கே வச்சிட்டுப் போகக் கூடாது. தினம் தோள்ல மாட்டிட்டு உங்க தெரு வழியா நடந்து போகணும், வரணும். உறை கிறை போடக் கூடாது."

பாடத்தைவிட இந்த நடை கடினம். முதல் நாள் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "யாரு வீட்ல சாவு?" என்றார். அத்தை பறையை வீட்டுக்குள் விடவில்லை. "வேதக்காரங்கதான் நாம, அதுக்காக இதையெல்லாம் சாமி படத்துக்குக் கீழே வைக்க முடியுமா?" சில மாதம் பறை மாட்டுக்கொட்டகையில் தூங்கியது. மாட்டுத் தோல் மாட்டோடு இருந்தது என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியம் எளிமையானது. மூன்று துண்டு வேப்பங்கட்டை, அவற்றை வட்டமாக்கும் இரும்புத் தகடு, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இடது கையில் நீளமான மூங்கில் சிண்டுக்குச்சி. துருத்தி போட்டே பழகிய என் இடது கை சோம்பேறி. சிண்டு விழவேண்டிய இடத்தில் விழாது. ஆசான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விரல்ல ஆட்டு, தோள்ல ஆட்டாத" என்பார். ஒத்தையடி, சாமிச்சாட்டு, சப்பரத்து அடி என்று ஒவ்வொன்றாக வந்தது. நின்றுகொண்டு அடிப்பது பாதி வித்தைதான். கால் அடவு வைத்து ஆடாவிட்டால் ஆசானுக்கு அது பறையே இல்லை. சாவு அடியை மட்டும் சொல்லித்தர மறுத்தார். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய், வாசலுக்கு வெளியே நின்று, தரையில் போட்ட காசைப் பொறுக்கிய ஆள் அவர். ஒரு நாள் நிறுத்திவிட்டார்.

அவர் மகன் குச்சியையே தொடமாட்டான். "திண்டுக்கல்ல சந்திரா சிஸ்டரோட சக்தி கலைக்குழுவுல பொண்ணுங்க எவ்வளவு கம்பீரமா அடிக்கிறாங்க, பாத்திருக்கியா?" என்று கேட்டேன். "பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா 1950 ஆணைப்படி, வேதத்துக்கு வந்துட்டா பட்டியல் சாதி இல்ல. சர்டிபிகேட்ல நான் பி.சி., உங்க தெருவுல மட்டும் பழைய சாதி. உங்களுக்குப் பறை கலை. எனக்கு அது எங்க தாத்தாவோட கூலி." அவன் சொன்னதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. பறையைச் சுமந்து பெருமைப்படுவதும் கீழே போட்டுவிட்டு நிமிர்வதும் அவர்கள் உரிமை. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அறுப்பின் பண்டிகை ஆராதனையில் இரண்டு சபையும் சேர்ந்து அடித்தோம். காணிக்கைப் பவனியில் பூசணியும் நெல்லும் போக, நாங்கள் முன்னால் ஆடிக்கொண்டு போனோம். கமிட்டியில் ஒருவர் எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் கல்லறைத் தோட்டத்தை ஒன்றாக்கக் கை தூக்குவார்கள் என்று கேட்டால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதற்கான தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

அப்புறம் எங்கள் தெருவில் ஒரு பெரிய மூப்பர் இறந்தார். சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் பேரனுக்குத் தாத்தாவைப் 'பாரம்பரியமாக' அனுப்ப ஆசை. ஆசானை வரச்சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டான். நான் போய்ச் சொன்னேன். ஆசான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நான் வரமாட்டேன். உங்க ஆளு சாவு, நீ அடி."

"அந்த அடி எனக்குத் தெரியாதே ஆசானே."

"உக்காரு."

இருட்டும்வரை சொல்லிக்கொடுத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "கூலியை முன்னாடியே பேசிக்க. கையில வாங்கு, தரையில போட்டா எடுக்காத" என்றார்.