தேய்மானம் போக மீதி

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் தேய்மானம் போட்டுவிடுவான். கட்டடமா? வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் கழி. கடைசியில் மிஞ்சுவது ஸ்க்ராப் வேல்யூ. அப்புறமென்ன, இடி!

இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது தெரியுமா? சுவிட்சர்லாந்தில். சூரிச் நகரின் மேற்கே டோனி என்றொரு பால் ஆலை. 1977-ல் திறந்தபோது ஐரோப்பாவின் பெரிய பால் ஆலைகளில் ஒன்று. கண்ணாடி ஜாடியில் வந்த டோனி தயிர் அந்த ஊரில் ரொம்பப் பிரபலம். ஆனாலும் இருபத்துச் சொச்ச வருஷத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். 1999-ல் டோனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து உருவான புது நிறுவனமும் 2002-ல் திவால்.

உள்ளதைச் சொன்னால், அழகான கட்டடமே இல்லை. சிற்பமா, தூணா? ஒன்றும் கிடையாது. கான்கிரீட் பூதம்! ஒரே விசேஷம், லாரிகள் மேல்தளங்களுக்கு ஏறிப்போகக் கட்டிய பிரமாண்டமான சாய்தளம்.

இடிக்கவில்லை. ஈஎம்டூஎன் என்ற கட்டடக்கலை நிறுவனம் அதைக் கலைப் பல்கலைக்கழகமாக மாற்றியது. 2014-ல் திறந்தார்கள். வகுப்பறை, கச்சேரிக் கூடம், சினிமா அரங்கு, மேலே சுமார் 100 வீடுகள். லாரி ஏறிய சாய்தளத்தில் இன்று மாணவர்கள் ஏறிப் போகிறார்கள். பக்கத்து ட்ராம் நிறுத்தத்தின் பெயரிலும் டோனி இருக்கிறது. கம்பெனிதான் இல்லை.

'வெளிச்சுவரையே மாற்றிவிட்டார்களே, இதிலென்ன பாரம்பரியம்?' என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தவர் தூரத்தில் வந்தால் சட்டையை வைத்தா கண்டுபிடிக்கிறோம்? நடையை வைத்துதானே! அந்த ஆலையின் நடை, சாய்தளம். அதை விட்டுவைத்தார்கள்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நிருபராகச் சேர்ந்த புதிதில், எங்கள் ஊரில் மூடிக்கிடந்த மில்லைப் பற்றி எழுதினேன். 'கோடிக்கணக்கான சொத்து சும்மா கிடக்கிறது' என்று கிரவுண்டு கணக்கெல்லாம் போட்டு. பாராட்டு வந்தது. பிறகு மில்லையும் இடித்தார்கள். அப்பா அங்கேதான் ஷிப்ட் பார்த்தவர். கட்டுரையைப் படித்துவிட்டு, "கணக்கு சரியாத்தான்டா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

போன மாசம் என் பையனை அங்கே கூட்டிப்போனேன். "தாத்தா எந்த கேட் வழியாப்பா உள்ளே போவார்?" என்று கேட்டான்.

நாலு பக்கமும் அபார்ட்மென்ட். சத்தியமா எனக்குத் தெரியலைங்க.

உங்க ஊரில் அப்படி ஏதாவது கட்டடம் இடிபடக் காத்திருந்தால், கால்குலேட்டரை எடுக்குமுன் அங்கே வேலை பார்த்தவர் ஒருவரைக் கூட்டிப்போய் வழி கேட்டு வையுங்கள்.