ஏற்பவனின் சொல்

வளர்ந்த பிள்ளையின் நோய்க்குத் துணை நிற்பது, குழந்தையின் நோய்க்குத் துணை நிற்பதினின்றும் முற்றிலும் வேறானது. குழந்தைக்கு மருந்தைப் புகட்டிவிடலாம். 23 வயது மகனிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய இயலும். சிறுநீரகச் செயலிழப்பு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த இந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் கற்றது பெரும்பாலும் இதுவே.

வேலையில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனையில் கிரியாட்டினின் மிகுந்திருப்பது தெரிந்தது. காரணம் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்றார்கள், வலியின்றி, ஓசையின்றிச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளை அரிக்கும் நோய். ஓராண்டு கழியுமுன் டயாலிசிஸ் தொடங்கிற்று. வாரம் மூன்று நாள், முறைக்கு நான்கு மணி நேரம். அதற்கென இடக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தார்கள். அவ்விடத்தில் விரல் வைத்தால் உள்ளே வண்டு முரல்வது போல் ஓர் அதிர்வு. அது நின்றால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாள்தோறும் காலையில் அவனே தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்; நாங்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.

சமையலறையும் மாறிற்று. பொட்டாசியம் குறைவதற்காகக் காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்த பின்னரே தாளிக்கிறோம். உடம்புக்கு நல்லதென்று உறவினர் வாங்கிவரும் இளநீரும் வாழைப்பழமும் அவனுக்கு ஆகா. ரசம், மோர், காபி யாவும் அவனுக்கு விதிக்கப்பட்ட ஒரு லிட்டர் கணக்கில் அடங்க வேண்டும். கோடையில் அவன் எதிரில் தண்ணீர் குடிக்க எங்களுக்குக் கூச்சம். “நீங்க ஒளிஞ்சு குடிக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு” என்றான் ஒருநாள். இப்போது எதிரிலேயே குடிக்கிறோம்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு எழுந்தபோது, எங்களில் தந்தை நீரிழிவின் காரணமாக விலக்கப்பட்டார். தாயின் இரத்த வகை பொருந்தியது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர் நெருங்கிய உறவினர், அங்கே தடையில்லை. தடை அவனிடமிருந்து வந்தது. “வேண்டாம்மா. எல்லா வீட்லயும் அம்மாதான் கொடுக்கிறாங்க. வார்டுல பாக்கிறேனே” என்றான். நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் தருவோரில் பெண்களே மிகுதி. பெறுவோரில் ஆண்களே மிகுதி. மறுத்துரைக்க எங்களிடம் சொல் இல்லை.

தமிழ் கற்பிப்பதே எங்கள் இருவருக்கும் தொழில். புறநானூற்றின் 204ஆம் பாட்டை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடியது. இரப்பது இழிவு, இல்லையென்பது அதனினும் இழிவு; தருவது உயர்வு, தருவதை ஏற்க மறுப்பது அதனினும் உயர்வு என நான்கு படிகளை வைக்கிறார் புலவர். நான்காவது படியில் மாணவர்கள் தயங்குவர். மானம் என்று விளக்கி நகர்வது வழக்கம். வீட்டில் அவ்விளக்கம் போதவில்லை. புலவர் மறுத்தால் இழப்பது பரிசில். மகன் மறுத்தால் இழப்பது ஆயுள்.

1954 டிசம்பரில் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றிலும் இத்தகைய மறுப்பு ஒன்று உண்டு. இரட்டையருள் நோயுற்றவரான ரிச்சர்ட் ஹெரிக், அறுவைக்கு முந்தைய இரவு, வீட்டுக்குப் போய்விடும்படி சகோதரர் ரொனால்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். போவதாயில்லை என்று பதில் வந்தது. பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை வாழ்ந்தார். இதை மகனிடம் சொன்னோம். “அவங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசு” என்றான்.

மூளைச்சாவடைந்தோரின் உறுப்புகளை வரிசைமுறையில் வழங்கும் திட்டம் தமிழகத்தில் 2008 முதல் உண்டு. அவ்வரிசையில் பெயரைப் பதிந்திருக்கிறான். காத்திருக்கையில் உடல் தேயும் என்பது அவனுக்கும் தெரியும். எவர் வீட்டிலோ நேரவிருக்கும் பேரிழப்பைத்தான் எதிர்நோக்கியிருக்கிறோம் என்பதால், கோயிலில் நின்று இன்னது வேண்டுமென்று கேட்க எங்களுக்கு நா எழுவதில்லை.

தாயின் சம்மதம் அப்படியே இருக்கிறது. சொல்லியாயிற்று, வற்புறுத்துவதில்லை. கொடுப்பவரின் மனம் தானே இசைந்ததா என்று சட்டம் கேட்கிறது. ஏற்பதற்கும் ஓர் இசைவு உண்டு, அது அவனுடையது. செவ்வாய்க்கிழமை மறுபடி டயாலிசிஸ். போகும்போது வண்டியை அவன் ஓட்டுவான். திரும்புகையில் களைத்திருப்பான், எங்களில் ஒருவர் ஓட்டுவோம்.