குட்டி யானையில் நான்கு சக்கரங்கள்

நவம்பர் 30, 2024, சனி

மதியமே கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயல் கரையைத் தொட்டும் நகராமல் நிற்கிறதாம். கூரைத் தகடு போடுகிற சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா பேசுவதுகூடக் காதில் விழவில்லை. வண்டியைப் பூமீஸ்வரர் கோயில் பக்கம் மேடான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்தேன்.

டிசம்பர் 2

மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியிருக்கிறது. மரக்காணத்தில் உப்பளம் எது, பக்கிங்காம் கால்வாய் எது, கழுவெளிச் சதுப்பு எது என்று காட்ட ஒரு வரப்புகூட வெளியே தெரியவில்லை. சீசன் முடிவில் வாரி, கரைமேல் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்த உப்பில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. மழைக்காலத்தில் உப்பு விளையாது. தை பிறக்கும்வரை அந்தக் குவியல்தான் எங்கள் வீட்டுச் செலவு. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று கரை எங்கே இருந்தது என்று காலால் தேடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை.

டிசம்பர் 6

லோடு இல்லை. வண்டித் தவணை 10-ஆம் தேதி.

டிசம்பர் 9

புதுச்சேரி டாக்டர் போன் செய்தார். வீடு எப்படி இருக்கிறது, அப்பா எப்படி இருக்கிறார் என்று நிதானமாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை டிராக் டே, சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள். சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர் இந்த முறை வரமுடியவில்லையாம். “உன் வண்டி வருமா தம்பி?”

போன வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருடைய போர்ஷே கேமன் டயர் கிழிந்து நின்றபோது பழக்கம். அந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் அடைக்கிற பசையும் சின்ன காற்று பம்ப்பும்தான். பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பசை என்ன செய்யும்? அன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றி, குட்டி யானை என்கிற என் டாடா ஏஸில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த் திரும்பியது நான்தான்.

அவர் கேட்பது நியாயமான உதவிதான். அவருடைய காரில் இஞ்சின் நடுவில், சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, இரண்டும் சிறிது. டிராக்கில் ஓட்ட ஒரு செட் டயர், வீட்டுக்குத் திரும்ப ஒரு செட் டயர் வேண்டும். பின்சக்கரத்து டயர் அகலம் 265 மி.மீ. நான்கு சக்கரம், ஜாக்கி, பெட்டிகள் எல்லாம் அந்தக் காருக்குள் எந்த வழியாகவும் நுழையாது. வேகமாகப் போகிற வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போகிற வண்டி ஒன்று கட்டாயம் வேண்டியிருக்கிறது.

சரி என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 14, இரவு

வண்டித் தொட்டியை மூன்று தடவை கழுவியும் சாயங்காலம் மறுபடி ஈரம் பூத்துவிட்டது. டிப்ளமோ படிக்கும்போது இதற்கான காரணம் தெரிந்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தண்ணீர் இழுத்துக் கசியும். கூடவே ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். இந்தக் கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குகிற நாள் ஏது? அதனால் இந்தத் தொட்டி காய்ந்ததே இல்லை. 50 கிலோ மூட்டைகள் உராய்ந்த இடமெல்லாம் துருப்பிடித்துச் செதில் செதிலாக எழும்பியிருக்கிறது.

அதில் அவருடைய அலாய் வீல்களை அப்படியே போட மனசு வரவில்லை. பிளைவுட் விரித்து, மேலே ரப்பர் பாய் போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் உரச் சாக்கின் உள்பையில் சுற்றிக் கட்டினேன். தாழ்வான ஜாக்கி, ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், காற்று கேஜ், மாற்று பிரேக் பேடு, சீல் உடைக்காத பிரேக் ஆயில் டின். கயிறு கட்டிக் குலுக்கிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. முக்கால் டன் ஏற்றிப் பழகின வண்டிக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

விடியுமுன் கிளம்பி, திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். திண்டிவனத்தைத் தாண்டும்வரை ரோட்டோரமெல்லாம் வெள்ளத்தின் சேறு. அதற்கு வடக்கே புயல் வந்த அடையாளமே தெரியவில்லை. கோபமா பொறாமையா என்று தெரியாத ஏதோ ஒன்று தொண்டையில் நின்றது.

அந்த டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி 1990-இல் திறந்தது. எனக்குக் கார்களைவிட, அவற்றைச் சுற்றித் தரையில் விரித்துவைத்திருந்த சாமான்கள்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொரு காருக்கும் ஒரு தார்ப்பாய், அதன்மேல் வரிசையாக ஸ்பேனர்கள், சாக்கட்டுகள். எங்கள் ஊரில் உப்பு வாரப் போகும்முன் பலகையையும் கூடையையும் இப்படித்தான் எடுத்து வைப்பார்கள்.

பக்கத்துக் காருக்கு வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் என் வண்டித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

“உப்பு வண்டியா தம்பி?”

“ஆமாங்க. மரக்காணம்.”

“எனக்குக் கேளம்பாக்கம். எங்களுக்கும் உப்பளந்தான்.”

சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவராம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. கூட்டம் ஓடுபாதை ஓரத்திலேயே நிற்கும் என்றார். நான் சக்கரத்தை மாட்டப்போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகத்தைச் சுற்றிலும் தேய்த்தார். பிறகு சக்கரத்தின் உள்பக்கத்தில், ஹப்போடு ஒட்டி உட்காரும் இடத்தைத் தேய்த்தார். துணியில் வெள்ளையும் பழுப்புமாகப் பொடி வந்தது. ரோட்டில் ஓடும் கடற்கரைக் காருக்கு வழக்கமாகச் சேருகிற பொடிதான்.

“ரெஞ்ச் டக்குனு சொல்லும். 160 வந்துட்டுதுன்னு நீ நம்புவ. நடுவுல இந்தப் பொடி இருந்தா, சூடேறினதும் பொடி நசுங்கும், போல்ட்டு தளரும். உப்பு பொய் சொல்ல வைக்கும் தம்பி.”

விரலால் ஹப்பைச் சுற்றித் தடவச் சொன்னார். வழவழவென்று வெறும் இரும்பு. பிறகுதான் போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வாட்டத்தில் இறுக்கி, காரைத் தரையில் இறக்கி, 160 நியூட்டன் மீட்டர் வைத்தேன்.

டாக்டர் முதல் சுற்று முடித்துத் திரும்பியபோது டயர் சூட்டில் காற்று 28-லிருந்து 34-க்கு ஏறியிருந்தது. இறக்கிச் சரிசெய்தேன். ஆறினதும் போல்ட்டுகளை மறுபடி சோதித்தேன். எல்லாம் ‘டக்’. ஒன்றுகூட நகரவில்லை.

பிரேக் பேடு பெட்டி திறக்கவில்லை. பிரேக் ஆயில் திறக்கவில்லை. திரும்பக் கட்டும்போது டாக்டர், “பாதிச் சாமான் சும்மா வந்துட்டுப் போகுது பாரு” என்றார் வருத்தமாக. எனக்கு அதில்தான் மனசு நிறைந்தது.

டிசம்பர் 19

அப்பாவுக்குக் காய்ச்சல்.

டிசம்பர் 28

மனசு சரியில்லை. உப்பும் வேகமும் சேர்ந்த இடம் உலகத்தில் எங்காவது உண்டா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புவெளி. 1935-இல் மால்கம் கேம்பெல் தன் புளூபேர்ட் காரில் மணிக்கு 300 மைல் என்ற எல்லையை முதலில் தாண்டியது அந்த உப்பின்மேல்தான். 2014-இல் மழைத் தண்ணீர் தேங்கி அங்கே வேக வாரமே ரத்தானது. அடுத்த வருஷம் உப்புப்படலம் மெலிந்துபோய் மறுபடி ரத்து. அந்த ஊர்க்காரர்கள் உப்பு போதவில்லை என்று கவலைப்படுகிறார்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “அங்க யாரு வாருவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 12, 2025

துபாய் 24 மணிநேர ரேஸில் அஜித்குமார் அணி 992 பிரிவில் மூன்றாவது. பஸ் நிறுத்தத்தில் வெடி. அதுவும் போர்ஷே என்று பையன்களிடம் சொன்னேன். அவர்கள் கொடியோடு அஜித் நிற்பதை மறுபடி மறுபடி பார்த்தார்கள். நான் காருக்குக் காத்து நின்று சக்கரம் மாற்றுகிறவர்களைத் தேடினேன். ஒரு நொடி கண்ணில் பட்டு மறைந்தார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை.

ஜனவரி 27

தண்ணீர் வடிந்துவிட்டது. பாத்தியில் வேலை செய்யும் அக்காக்களுக்கு அரசின் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். அது எத்தனை நாளைக்கு வரும்? கரைகளை வெட்டி எழுப்பியாகிவிட்டது. இப்போது தரை மிதிப்பு. சேற்றை அகற்றி, காலால் மிதித்து மிதித்துக் களியை இறுக்க வேண்டும். தளர்ந்த தரையில் உப்பு மண்ணோடு வரும், விலை போகாது.

நானும் இறங்கினேன். அப்பா எனக்கு முன்னால் மிதித்துக்கொண்டே போனார். பிறகு குனிந்து, நான் மிதித்த இடத்தை உள்ளங்கையால் சுற்றித் தடவினார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

“எப்பப்பா தண்ணி கட்டப் போற?”

“தரை சொல்லும்.”

“டாக்டர் மாசாமாசம் வரச் சொல்றார். பணம் ஒழுங்கா குடுக்கறார்.”

“போ. யாரு வேணாங்கறா.” மிதிப்பதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 9

இந்த முறை டிராக்கில் உடைத்த பிரேக் ஆயில் டின்னில் மீந்ததை டாக்டர் தூக்கிப் போடச் சொன்னார். அதுவும் காற்றிலிருந்து ஈரம் குடிக்குமாம். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்கவேண்டும், ஈரமேறினால் 155-லேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. எங்கள் வீட்டில் ஒரு டின்னைத் திறந்துவைக்கவே கூடாது.

மார்ச் 7

பாத்தித் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி போமேக்கு வந்துவிட்டது. ஓரத்தில் உப்பு இறங்கத் தொடங்கியிருக்கிறது. முதல் வாருதல் ஞாயிற்றுக்கிழமை. வார வார வண்டி கரையில் நிற்கவேண்டும் என்கிறார் அப்பா. திண்டிவனம் வியாபாரியிடம் பேசியும் விட்டார்.

சாயங்காலம் டாக்டர் போன். ஞாயிற்றுக்கிழமை டிராக் டே. புது டயர் செட் வந்திருக்கிறது, ஹப் சுத்தம் செய்ய உன் கைதான் வேண்டும் என்றார். வாடகை வண்டி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் அந்த வண்டிக்காரர் பிரஷ் எடுப்பாரா? வியாபாரியிடம் வேறு வண்டி அனுப்பச் சொல்லலாம். முதல் உப்பை வேறு வண்டியில் ஏற்ற அப்பா சம்மதிப்பாரா?

நாளைக் காலை சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன்.