விரிசல் விழுந்த தீட்டுக்கல்

கேமரன் மலை என்றால் பலருக்கும் குளிரும் தேயிலையும் நினைவுக்கு வரும். அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இன்னொன்றும் வரும். விடிவதற்கு முன், லயத்து வீட்டின் பின்கட்டில் அப்பா கத்தி தீட்டும் ஓசை.

1885இல் நில அளவைக்காக வில்லியம் கேமரன் ஏறிய மலை இது. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காடழித்து, சரிவுகளில் செடி நட்டு, இம்மலையைப் பச்சையாக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். கொழுந்து பறிப்பதைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். கவாத்து வெட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் குட்டையாக வெட்டிவிட்டால்தான் புதுத்தளிர் செழிக்கும். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் விழ வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் பூசணம் ஏறிக் கிளை அழுகும். இன்று இயந்திரம் வந்துவிட்டது. அப்பா காலத்தில் எல்லாம் வளைந்த கவாத்துக் கத்திதான்.

அப்பாவின் தீட்டுக்கல் ஆலையில் செய்த கார்பரண்டம் கல். தேய்ந்து தேய்ந்து நடுவில் படகுபோல் குழிந்திருந்தது. பணி ஓய்வு பெற்ற அவருக்கு நல்ல கல் ஒன்று வாங்கித் தர வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஈப்போவின் பழம்பொருள் சந்தை ஒன்றில் அது கிடைத்தது. மரப்பெட்டிக்குள் எண்ணெய் பளபளக்கும் சாம்பல்வெள்ளைக் கல். அமெரிக்காவின் அர்கன்சா மலைகளில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கல், துரைமார் காலத்துப் பொருள் என்றார் கடைக்காரர். 120 வெள்ளி சொன்னவர் 80க்கு இறங்கினார். என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. வெற்றிக் களிப்போடு மலையேறினேன்.

அப்பா தோட்டத்துப் பக்கம் போயிருந்தார். பொறுமையின்றி அம்மாவின் காய்கறிக் கத்தியைத் தீட்டினேன். ஓரிடத்தில் 'டக்'கென்று தட்டியது. கத்தியின் விளிம்பில் சிறு பல் விழுந்தது. "இருந்த கத்தியும் போச்சா!" என்றார் அம்மா.

அப்பா வந்ததும் கல்லை இரு விரல்களில் தளர்வாகத் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டினார்.

"சத்தம் செத்துப் போயிருக்குப்பா."

சவர்க்காரம் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் வைத்தார். கல் முழுதும் காய்ந்த பிறகும் குறுக்கே ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது. விரிசல்! பல்லாண்டு எண்ணெயும் அழுக்கும் அதை மூடி மறைத்திருந்தன.

எனக்குக் கண்கள் கலங்கின. "அடுத்த ஞாயிறு அதே சந்தையில் யாருக்காவது தள்ளிவிடுகிறேன். எண்ணெய் தடவினால் தெரியாது" என்றேன்.

அப்பா கோபிக்கவில்லை. "வித்தவருக்குத் தெரியுமோ என்னமோ. உனக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதிலில்லை.

மறுநாள் விரிசலில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கல் இரண்டாயிற்று. உடைந்த விளிம்பைத் தம் பழைய கார்பரண்டம் கல்லிலேயே இரண்டு நாள் தேய்த்துச் சமன் செய்தார். பிறகு சிறிய துண்டைக் கையில் பிடித்துக் கவாத்துக் கத்தியின் உள்வளைவில் ஓட்டிக் காட்டினார். அகலமான கல் அந்த வளைவுக்குள் படியாது. இந்தத் துண்டு அழகாகப் படிந்தது.

பெரிய துண்டால் அம்மாவின் கத்தியிலிருந்த பல்லை நானே தேய்த்தெடுத்தேன். முழு மாலையும் ஆனது.

நண்பர்களே, பழைய தீட்டுக்கல் வாங்க நேர்ந்தால் முதலில் எண்ணெயைத் துடையுங்கள், சுண்டிப் பாருங்கள், நனைத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஏமாறாமலிருக்க அது போதும். பிறரை ஏமாற்றாமலிருக்க என்ன வேண்டுமென்பதை 80 வெள்ளி கொடுத்துக் கற்றேன். அந்தப் பெரிய துண்டு இப்போது என் விடுதி மேசையில் இருக்கிறது. சிறியது அப்பாவிடம்.