புல்தரையில் உட்காரலாமா?

பூங்கா என்றதும் புலவர்க்குக் கற்பனை பொங்கும். காதலர்க்குக் கனவு மலரும். களைப்புற்றோர்க்குக் கால் நீட்ட ஓரிடம் கிடைத்ததே என்ற நிம்மதி தோன்றும். எனக்கோ கேள்வி ஒன்று தோன்றுகிறது. "பொதுப் பூங்கா" என்கிறோமே, அதில் முதற்சொல்லுக்குப் பொருள் என்ன? மலரைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டனர், தோழரே! அந்தப் "பொது"வைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

நம் நாட்டிலே தோட்டங்களுக்குப் பஞ்சமிருந்ததில்லை. அரசனுக்கு உய்யான வனம், ஆண்டவனுக்கு நந்தவனம்! மண்ணைக் கிளறியவன், நீர் இறைத்தவன், களை பிடுங்கியவள் ஆகியோர் அங்கே உழைக்கலாம், உலவ முடியாது. நந்தவனத்து மலரை முகர்ந்து பார்ப்பதே குற்றம். பெரிய புராணத்திலே கழற்சிங்கர் கதை உண்டு. திருவாரூர்க் கோயிலில், பூமண்டபத்தருகே கிடந்த பூவொன்றை எடுத்து முகர்ந்தாள் பட்டத்தரசி. செருத்துணையார் என்ற அடியார் பாய்ந்து வந்து அவள் மூக்கை அரிந்தார். மன்னன் வந்தான், நடந்தது கேட்டான், தண்டனை போதாதென்று, பூவை எடுத்த கையையும் வெட்டினான்! அரிந்தவரும் நாயனார், வெட்டியவரும் நாயனார்! அரசியின் மூக்குக்கே இந்தக் கதியென்றால், ஆண்டியின் மூக்கு எம்மாத்திரம்? கதை நடந்ததா இல்லையா என்பதல்ல என் வாதம். நடந்ததாக நம்பி, கேட்டு, உருகி, கண்ணீர் மல்கினார்களே, அதுதான் கவனிக்கத்தக்கது.

ஆகவே, "எவரும் வரலாம்" என்று ஒரு தோட்டத்தின் கதவைத் திறந்துவைப்பது சிறு காரியமன்று. ஐரோப்பாவிலும் அது தானாக நிகழ்ந்துவிடவில்லை. வியன்னா நகரத்துப் பிராட்டர், பேரரசர்கள் வேட்டையாடிய காடு. 1766இல் இரண்டாம் ஜோசப் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான். அது மன்னன் மனமிரங்கிக் கொடுத்தது. லண்டனின் கிழக்குப் பகுதியிலே, புகையிலும் நெரிசலிலும் கிடந்த பாட்டாளிகளோ கேட்டுப் பெற்றனர். 1840இல் 30,000 பேர் கையெழுத்திட்டு விக்டோரியா அரசிக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1845இல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. பின்னாளில் அந்தப் புல்தரையில் நின்றுகொண்டு சமதர்மம் பேசினார்கள், நாத்திகமும் பேசினார்கள். ஹைடு பூங்காவின் கதை இன்னும் சுவையானது. 1866இல் வாக்குரிமை கேட்டுத் திரண்டு வந்த மக்களைத் தடுக்க வாயிற்கதவுகளைப் பூட்டிவைத்தனர். கூட்டம் திரும்பிப் போகவில்லை. இரும்பு வேலி சாய்ந்தது! பூங்காவிலே பொதுக்கூட்டம் பேச 1872இல் சட்டமே இடந்தந்தது.

நிற்க. நம் மலைக்கு வருவோம்.

நான் இத்தலாரில் வாழ்பவன். தேயிலைச் சரிவும் காய்கறிப் பாத்தியும் மாறி மாறிப் படிக்கட்டாய் இறங்கும் ஊர். விடியுமுன்னே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போகும் குளிரில் கேரட் பிடுங்கப் போவோரை அங்கே காணலாம். அந்தக் கேரட்டுக்கும் உதகைத் தாவரவியல் பூங்காவுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1840களில் உதகையில் குடியேறியிருந்த ஐரோப்பியருக்கு ஒரு குறை. தங்கள் நாட்டுக் காய்கறி மலிவாய்க் கிடைக்கவில்லையாம்! ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுத் தோட்டம் தொடங்கினர். இன்றைய பூங்காவின் வித்து அதுதான், மலரன்று, மரக்கறி! பிறகு ஆளுநர் டுவீடேல் பிரபுவின் ஆதரவு கிட்டியது. கியூ தோட்டத்தில் தொழில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் வந்து சேர்ந்தார். மேலே அடர்ந்த காடு, கீழே சதுப்பு. அதைச் செதுக்கி, வடித்து, மேடு தட்டி, தொட்டபெட்டாவின் அடிச்சரிவிலே ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில் ஒரு பூங்காவை ஆக்கினார். சின்கோனா மரத்தை இந்த மலையில் வளர்த்துக் காட்டியவரும் அவரே. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. மந்திரித்த திருநீறு தீர்க்காத காய்ச்சலை மரப்பட்டை தீர்த்தது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. அதே வேளையில், நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் சீனக் கைதிகளிடம் வேலை வாங்கியதையும் மறைக்கலாகாது. மெக்ஐவரின் பெயர் பொறித்திருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் எங்கே?

வெள்ளையன் வகுத்த பாதையில் நம்மவர் நடக்கலாயினர். அதற்காக, நடக்கும் உரிமையை அவனே கொண்டுவந்தான் என்று எண்ணிவிட வேண்டாம். சமவெளியிலே தெருவே பொதுவாக இல்லாத காலம் அது. இரட்டைமலை சீனிவாசன் இளமையில் இதே நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் கணக்கராக இருந்தவர். அவர்தான் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதுவாயினும் எந்த வகுப்பினரும் செல்லலாம், தடையில்லை என்று. நடக்கலாம் என்று சொல்லவே ஒரு தீர்மானம்! தண்ணீர் மொள்ளலாம் என்று சொல்லவே ஓர் அரசாணை! நூறாண்டு கடந்துவிட்டது. ஆணை தாளில் இருக்கிறது; அச்சம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நாள் கண்டேன்.

எங்கள் ஊரருகே ஓர் அக்கா இருக்கிறார். இலங்கையின் மலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்டைப் பிரித்தாற்போல் மக்களைப் பிரித்து அனுப்பியதே, அதில் சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். தேயிலை பறித்தார், இப்போது கேரட் வயலில் கூலி வேலை. உதகைக்குப் பேருந்தில் எத்தனையோ முறை போனவர். மருத்துவமனைக்கு, சந்தைக்கு, ரேஷன் அட்டை விவகாரத்துக்கு! பூங்காவுக்குள் மட்டும் போனதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் போய்வந்த பேத்தி ஓயாமல் கதை சொல்ல, விடுமுறை நாளொன்றில் மூவருமாகச் சென்றோம். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மேலே நுழைவுச் சீட்டு. மகிழுந்தில் மலையேறி வருபவர்க்கு அந்தச் சீட்டு ஒரு தேநீர்ச் செலவு. கூலிக்காரிக்கு அப்படியல்ல. மலையில் உழைப்போரிடம் மலைப் பூங்காவில் கட்டணமே வாங்கலாகாது என்பது என் கட்சி. கணக்குப் பார்ப்போர் கோபிக்கட்டும்!

உள்ளே சென்றோம். விரிந்து கிடந்தது புல்வெளி. எல்லோரும் மலர்ப் படுக்கையைப் பார்க்க, அக்கா குனிந்து புல்லைப் பார்த்தார்.

"இம்புட்டுப் புல்லுல ஒரு களை இல்லையே! எத்தனை பேரு தம்பி வேலை செய்யிறாங்க?"

நான் அதுவரை நூறு முறை வந்திருப்பேன். அந்தக் கேள்வி எனக்கு எழுந்ததில்லை. சற்றுத் தொலைவில், தலையில் துணி கட்டிய பெண்கள் நால்வர் பாத்தி கொத்திக்கொண்டிருந்தனர். அக்கா அவர்களிடம் போய்ப் பேசத் தொடங்கிவிட்டார்! கூலி என்ன, நேரம் என்ன, வேலை நிரந்தரமா என்று விசாரித்தார். திரும்பி வந்தபோதுதான் முகத்தில் ஒரு தெளிவு. ஆனாலும் புல்வெளி ஓரத்திலேயே நின்றார். பேத்தியோ அதற்குள் புல்லில் உருண்டுகொண்டிருந்தாள்.

"உட்காரலாமா தம்பி? யாரும் ஏச மாட்டாங்களா?"

சுற்றிலும் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கிறார்கள். பட்டுச்சேலைகள், பந்து விளையாடும் பிள்ளைகள், குறட்டை விடும் பெரிய மனிதர் ஒருவர்! அத்தனையும் கண்ணால் கண்டபின் எழுந்த கேள்வி அது. அங்கே, கடலுக்கு அப்பால், துரை பங்களாவின் புல்லில் கால் வைத்ததற்காகத் தந்தை வசை வாங்கியதைச் சிறுமியாக நின்று பார்த்தவராம். அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவரிடம் யார் போய்ச் சொல்வது, 1924இலேயே ஆணை பிறந்துவிட்டது என்று?

உட்கார்ந்தபின் எழ மனம் வரவில்லை அவருக்கு. தூக்குவாளியில் கொண்டுவந்த தேநீரை மூவரும் பகிர்ந்துகொண்டோம். கல்லாகிப் போன மரத்துண்டைப் பேத்தி காட்டினாள். இரண்டு கோடி ஆண்டு பழையது என்றதும் அக்கா சிரித்தார். "அப்ப சாமிகளுக்கெல்லாம் மூத்தது" என்றார். என்னால் இவ்வளவு சுருக்கமாகப் பிரசாரம் செய்ய முடியாது.

மேலேறினால், பூங்காவின் உச்சியில் தொதவர் மந்து. இந்த நிலத்தின் முதற்குடிகள் அவர்கள். ஜான் சலிவன் உதகையில் வீடு கட்ட வந்தபோது, ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் அவர்களிடம் நிலம் வாங்கினார் என்பர். இன்று கீழேயுள்ள தோட்டம் எல்லோருக்கும். அவர்தம் மந்தோ தோட்டம் பார்க்க வந்தவர்க்கு மற்றுமொரு காட்சி! வளைந்த கூரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு ஒரு கும்பல் நின்றது. பொது என்ற சொல்லைப் பிறர் வீட்டு வாசல்வரை இழுத்துவிட்டோமோ என்றெண்ணி நான் தயங்கினேன். அக்கா தயங்கவில்லை, நின்றேவிட்டார்.

"லயத்துல இருந்தப்ப, கார்ல வந்தவங்க எங்க வாசல்லயும் இப்படித்தான் நின்னு படம் புடிப்பாங்க. வேணாம் தம்பி, இறங்குவோம்."

பேத்தி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் வயதுச் சிறுமி ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருவரும் கையசைத்துக்கொண்டனர். நாங்கள் இறங்கினோம்.