‘பங்கேற்றது’

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி ஆண்டறிக்கையின் தமிழ் வடிவம் தமிழ்த்துறைக்கு வரும். சில ஆண்டுகளாக அது என் வேலை. அறிக்கையின் விளையாட்டுப் பகுதிக்கென்று ஒரு சொல்வரிசை இருக்கிறது. முதல் பரிசு வாங்கிய அணி ‘வாகை சூடியது’. இரண்டாவதாக வந்தது ‘சிறப்பிடம் பெற்றது’. அரையிறுதியில் தோற்றது ‘அரையிறுதி வரை முன்னேறியது’. இவை எதுவும் இல்லாத அணி ‘பங்கேற்றது’. எங்கள் பெண்கள் கால்பந்து அணி தொடங்கிய நாளிலிருந்து பங்கேற்றுக்கொண்டே இருக்கிறது.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பதினெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விடுதியில் இருப்பவர்கள் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடிப்பார்கள். கால்சட்டையின் மேல் டிராக் பேண்ட், அதற்கு மேல் ஒரு சுடிதார் டாப்ஸ்: அதுதான் பேருந்துக்கான உடை. மைதானத்து வேப்பமரத்தடியில் அந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று குவியும். கல்லூரியில் விழா என்றால் மைதானம் வாகன நிறுத்தமாகிவிடும். அன்று பயிற்சி கிடையாது.

இந்த அணியைத் தொடர வேண்டுமா என்ற கேள்வி ஒரு கூட்டத்தில் வந்தது. விளையாட்டுக் குழுவில் மகளிர் பிரிவின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். கணக்கு தெளிவாகவே வைக்கப்பட்டது. கபடிக்கு ஏழு பேர். கால்பந்துக்குப் பதினொருவர், கூடவே மாற்று ஆட்டக்காரர்கள். ஸ்டட்ஸ், ஷின் பேட், பந்து, பயணப்படி, ஓ.டி. வருகைப்பதிவு. இவ்வளவுக்கும் கோப்பை எங்கே என்றார் ஒருவர். இன்னொருவர் பரிவோடு குறுக்கிட்டார்: “விடுங்க சார், பொம்பளப் புள்ளைங்க. ஜெயிக்கிறதா முக்கியம்? கலந்துக்கிறதுதான் முக்கியம்.”

முதல் குரலுக்குப் பதில் சொல்லிவிடலாம். என்னை உறுத்தியது இரண்டாவது குரல்தான். ஆண்கள் அணி தோற்றால் பயிற்சியாளரை மாற்றுகிறோம், மைதானத்தைச் சீராக்குகிறோம், வெளியூர் முகாமுக்கு அனுப்புகிறோம். ‘கலந்துகொண்டால் போதும்’ என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. பெண்களிடம் சொல்லும்போது அது செலவைக் குறைக்கும் வழியாகவும் இருக்கிறது. உன்னிடம் எதிர்பார்ப்பு இல்லை, ஆகவே உனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் ஜெயிக்கத்தான் ஆடுகிறார்கள். தோற்றால் அழுகிறார்கள், சோறு இறங்காமல் படுக்கிறார்கள். அந்த ஆசையை அவர்களிடமிருந்து பிடுங்குவது கருணை ஆகாது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கால்பந்து வராது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. 2018இல் மணிப்பூரையும், 2023இல் ஹரியானாவையும் இறுதிப் போட்டியில் வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் நம் பெண்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. வாய்ப்பும் பயிற்சியும் சிறுவயதிலேயே கிடைத்த இடங்களில் வெற்றி வந்திருக்கிறது. எங்கள் அணியில் பாதிப்பேர் கால்பந்தை முதன்முதலாகத் தொட்டதே பதினெட்டு வயதில். பத்து வயதில் தொடங்கியவர்களோடு அவர்கள் மோத வேண்டும். இந்த இரண்டு அணிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி, யாரிடம் கோப்பை என்று மட்டும் பார்த்தால், நாம் அளப்பது கல்லூரியை அல்ல. அந்தப் பெண்கள் பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும்தான்.

அப்படியானால் எதை அளப்பது?

ஒரு மண்டலப் போட்டியில் எங்கள் அணி ஏழு–பூஜ்யம் என்று தோற்றது. திரும்பி வந்த வேனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன். தமிழ்த்துறை ஆசிரியை என்பதால் என்னை மேடம் என்று அழைக்காமல் அம்மா என்பார்கள். கோல்கீப்பர் சொன்னாள்: “அம்மா, ஃபர்ஸ்ட் ஆஃப்ல ஆறு. செகண்ட் ஆஃப்ல ஒண்ணுதான். ரெண்டாவது பாதிய மட்டும் பாத்தா ஒண்ணு–சைபர்தாம்மா.” இடைவேளையில் என்ன நடந்தது என்பதையும் அவளே விளக்கினாள். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே நொடியில் முன்னால் ஏறினால், பந்துக்காகக் காத்திருக்கும் எதிரணிக்காரி ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வாள். “ஒருத்தி தங்கிட்டாலும் போச்சும்மா. அதான் நான் பின்னாலேருந்து கத்திக்கிட்டே இருக்கணும்.”

கத்திக்கிட்டே இருக்கணும். அந்தப் பெண் என் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் படித்தவள். வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டால் அவள் சொல்லும் ‘உள்ளேன் அம்மா’ முன்வரிசையைத் தாண்டாது. மைதானத்தில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலையே கத்துவதுதான். கோல்கீப்பருக்கு முழு ஆடுகளமும் தெரியும். அவள் வாய் திறக்காவிட்டால் முன்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது. பெண்ணின் உரத்த குரலை அடக்கமின்மை என்று எண்ணும் வீட்டிலிருந்து வந்தவளுக்கு, குரலை உயர்த்தாததுதான் இங்கே குற்றம். ஆறு ஒன்றாகக் குறைந்தது அந்தக் குரலால். ஆண்டறிக்கையில் இதற்கு இடமில்லை.

வெற்றி தோல்விக்கு வெளியே ஒரு கணக்கு வைக்க முடியுமா என்று தேடியபோது அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி வாசித்தேன். அங்கே 1972இல் ‘டைட்டில் நைன்’ என்ற சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனம் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்தபோது கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 30,000 பேர். இன்று 2 லட்சத்துக்கும் மேல். பெண்கள் கால்பந்துக்கான முதல் என்.சி.ஏ.ஏ. கோப்பை 1982இல் நடந்தது. ஓர் அணியை அளக்க அவர்களிடம் வேறொரு அளவுகோலும் உண்டு. உதவித்தொகை பெறும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பருவத்துக்கு இரண்டு புள்ளிகள்: கல்லூரியில் நீடித்தால் ஒன்று, தேர்ச்சி நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒன்று. அணியின் கணக்கை ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன அணி சாம்பியன் போட்டிக்கு வர முடியாது என்ற விதியும் இருந்தது. 2011இல் ஆண்கள் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழகம், இந்தப் புள்ளி குறைந்ததால் 2013 போட்டிக்கு வெளியே நின்றது. படிப்பு முடிந்ததா என்ற கேள்வி கோப்பையையே மறிக்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அங்கும் கோப்பைகள் மறைத்த விஷயங்கள் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1979 முதல் 2024 வரை பயிற்றுவித்தவர் ஆன்சன் டோரன்ஸ். அவர் காலத்தில் அந்த அணி வென்ற என்.சி.ஏ.ஏ. கோப்பைகள் 21. மியா ஹாம் அங்கிருந்து வந்தவர். வெற்றிதான் அளவு என்றால் உலகில் இதற்கு நிகரான கல்லூரி அணி இல்லை. 1998இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் இருவர் அவர்மீது பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தார்கள். ஆட்டக்காரர்களின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய பேச்சு பயிற்சியின் நடுவே நடந்தது என்பது அவர்களுடைய புகாரின் மையம். துன்புறுத்தல் எதுவும் இல்லை என்று அவர் மறுத்தார். ஒரு வழக்கு 2004இலும் மற்றொன்று 2008இலும் சமரசத்தில் முடிந்தன. அத்தகைய பேச்சில் கலந்துகொண்டது தகாதது என்று அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். வழக்கு நடந்த ஆண்டுகளிலும் அணி கோப்பைகளை வென்றுகொண்டிருந்தது. அந்த இரண்டு பெண்களின் அனுபவம் எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறியிருக்காது.

டைட்டில் நைனின் இன்னொரு முரணும் நமக்குப் பாடம். சட்டத்துக்கு முன்பு கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண் பயிற்சியாளர்கள். பணமும் மதிப்பும் வந்தபின் அந்த நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்தார்கள். இன்று பெண்கள் பாதிக்கும் குறைவு. ஆடும் பெண்கள் பெருகினார்கள், ஆட்டுவிக்கும் பெண்களின் பங்கு சுருங்கியது.

வாகை என்ற சொல்லுக்கு வருகிறேன். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கம் அதைக் கோப்பைக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் வாகை அவ்வளவு குறுகியதல்ல. போர்க்களம் தும்பைக்கு உரியது. வாகையோ, அவரவர் தம் தொழிலிலும் இயல்பிலும் குற்றமின்றி மேம்பட்டு விளங்குவது. துறவிக்கும் வாகை உண்டு, காலத்தைக் கணிக்கும் அறிவனுக்கும் உண்டு. யாரையும் தோற்கடிக்காத வெற்றிக்குத் தமிழில் பழைய இடம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பட்டியல் பார்ப்பனர், அரசர் என்று வரிசை கட்டித் தொடங்குகிறது; பெண்ணுக்கென்று அதில் ஒரு துறை இல்லை. ஆகவே பழைய சொல்லை அப்படியே எடுத்துச் சூடிக்கொள்ள முடியாது. விரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு உடற்கல்வி இயக்குநரும் நானும் ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் பத்தாண்டுக் குறிப்பேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். தாளின் முதல் கட்டத்தில் வெற்றி, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல். அதை நீக்கக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அதன் கீழே வேறு கட்டங்கள்.

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள்? இடையில் நின்றவர் ஏன் நின்றார்? அந்த ஆண்டு இறுதியாண்டில் இருந்த ஐவரும் பட்டம் முடித்திருந்தார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. பல்கலைக்கழகப் போட்டி இருக்கிறது என்று சொல்லியே தேதியைத் தேர்வுக்குப் பின்னால் தள்ளினாள்.

காலில் அடிபட்டால் என்ன நடக்கிறது? முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். ஃபிஃபாவின் ‘11+’ என்ற இருபது நிமிடத் தொடக்கப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறையும். அதற்குப் பணம் வேண்டாம், இருபது நிமிடம் வேண்டும். எங்கள் பெண்கள் வீங்கிய முழங்காலோடு புத்தூர்க் கட்டுப் போடப் போகிறார்களா, ஸ்கேனுக்குப் போகிறார்களா, அந்தச் செலவு யாருடையது?

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரண்டாம் பாதியில் கால் ஓடவில்லை என்றால் உறுதி குறைவு என்கிறோம். இரும்புச் சத்தும் குறைவாக இருக்கலாம். பயிற்சிக்குப் பின் இரண்டு முட்டையும் சுண்டலும் கொடுத்துவிட்டு அதன் பிறகு கோல் கணக்கைக் கேட்கலாம்.

பயிற்சியாளர் சொல்வதற்கு ‘முடியாது’ என்று சொன்னவள் அடுத்த ஆட்டத்தில் இடம் இழந்தாளா? புகார் சொல்ல ஒரு பெண்ணின் கைப்பேசி எண் அவர்களிடம் இருக்கிறதா? வெளியூர் போட்டியில் தங்கிய அறைக்குத் தாழ்ப்பாள் இருந்ததா?

கடைசிக் கட்டம்: கல்லூரியை விட்டுப் போன பிறகு எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் பயிற்சி தருகிறார்கள்?

தாளைப் பார்த்த ஒருவர், இதெல்லாம் எல்லா அணிக்கும் கேட்கலாமே என்றார். கேட்கலாம், கேட்க வேண்டும் என்றோம். கபடி அணிக்கும் அதே தாள் போனது. ஆண்கள் அணிக்கும் போனது. கோப்பைகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அணியில் பட்டம் முடித்தவர் எண்ணிக்கையைக் கேட்டபோது அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கால்பந்து அணிக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது. முட்டைக்குப் பணம் கிடைத்தது. ஸ்கேனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. விழா நாள்களில் மைதானத்தில் வண்டி நிற்பது தொடர்கிறது.

கடைசிக் கட்டத்தில் இதுவரை ஒரு பெயர்தான் எழுத முடிந்திருக்கிறது. சத்தம் போடத் தெரிந்த அந்தக் கோல்கீப்பர் பி.பி.எட். முடித்துவிட்டு, தன் ஊர் அரசுப் பள்ளியில் மாலைநேரத்தில் சிறுமிகளுக்குப் பந்து சொல்லித் தருகிறாள். சம்பளம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கிறாள். பதினெட்டில் தொடங்குவது தாமதம் என்பது அவளுக்கு உடம்பாலேயே தெரியும். போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். முதல் போட்டியில் பிள்ளைகள் நாலு–ஒன்று என்று தோற்றார்களாம்.

“அந்த ஒண்ண அடிச்சது ஏழாம் வகுப்புப் புள்ளம்மா,” என்றாள். “அது இருக்கட்டும். காலேஜ்ல பழைய வலை ஏதாவது கிடக்குதா? கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, நாங்க தைச்சுக்கிறோம்.”