எண் இல்லாதவன்

இருள் நிறைந்த கதைகளை இளைஞர் கையில் கொடுக்கலாமா என்னும் வினா ஆசிரியர் உலகில் பழையது. சுங்கை பாக்காப்பில் வாழும் தமிழாசிரியர் ஒருவரின் உள்ளத்தில் அவ்வினாவை எழுப்பியது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, இளைஞர்களைப் பெரிதும் கவர்ந்த புதினம் அது.

2021ஆம் ஆண்டின் இந்தியாவை அந்நூல் கற்பனை செய்கின்றது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் ஈரெழுத்தாய்ச் சுருங்கிவிட்டன. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்பவளின் கணவன் சிபி காணாமற் போகின்றான். தவிக்கும் அவளுக்குத் துணையாய் அமைவது ஜீனோ என்னும் எந்திர நாய். நூல்களைப் படித்துப் படித்து, தானே சிந்திக்கவும் கற்றுக்கொள்கின்றது அது.

இளமையில் அந்நூலைப் படித்த ஆசிரியர் ஜீனோவின் குறும்பில் மயங்கினார். 2021 கடந்தபின் மீண்டும் படித்தபோது, மயக்கத்தோடு மனக்குறையும் எழுந்தது. மனிதரெல்லாம் அடங்கிக் கிடக்க, சிந்திக்கும் பொறுப்பு ஓர் எந்திரத்துக்கா? இவ்வளவு கொடுமைக்கு நடுவே இவ்வளவு வேடிக்கையும் தகுமா? ஆயினும், அவ்வேடிக்கை இல்லையெனில் இளையோர் அந்த இருளுக்குள் அடியெடுத்து வைப்பரா என்றும் அவர் எண்ணினார். ஐயம் தீராமலே, செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவனிடம் நூலைக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து நூலைத் திருப்பித் தந்த மாணவன் நாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

“ஐயா, பெயரைச் சுருக்கினாலும் அங்கே எல்லாரும் ஒரு கணக்கில் இருக்கிறார்கள். என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?” என்று கேட்டான்.

ஆசிரியர் வாயடைத்து நின்றார். அம்மாணவனிடம் அடையாள அட்டை இல்லை. தந்தை இந்நாட்டுக் குடிமகன். தாய்க்கோ ஆவணம் ஏதும் இல்லை. அவர்களின் திருமணம் பதிவு செய்யப்படவில்லை. அத்தகைய பிறப்பில் குடியுரிமை தாய்வழியே பார்க்கப்படும். ஆகவே, மலேசிய மண்ணில் பிறந்தும் பிறப்புச் சான்றிதழில் அவன் குடிமகன் அல்லன்.

மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தில் தோன்றியது. மக்களைக் கண்காணிக்கும் கருவியாகவே அது அன்று பிறந்தது. பின்னர் அதுவே வாழ்வின் திறவுகோலாயிற்று. பன்னிரண்டு அகவையில் பிள்ளைகள் அதனைப் பெறுகின்றனர். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும் குறிக்கும். வங்கிக் கணக்கு, உயர்கல்வி, வேலை என்று எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அவ்வெண்ணே. 1969க்குப் பின்னர், குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழர் பாடுபட்ட மண்ணை விட்டுக் கப்பலேறினர். தாளில்லாதவர் படும் பாடு தமிழர்க்குப் புதிதன்று.

ஆசிரியரின் மனக்குறை இப்போது வேறு வடிவம் கொண்டது. அரசின் கண் நம்மீது விழுந்துகொண்டே இருப்பது கொடுமை என்று அந்நூல் அஞ்சவைக்கின்றது. அவ்வச்சம் நியாயமானதே. ஆனால், அக்கண் தன்மீது ஒருமுறையேனும் விழாதா என்று ஏங்குபவனின் இருள் அதில் இல்லை. கண்காணிக்கப்படுபவனும் கணக்கிலிருந்து விடுபட்டவனும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் அல்லரோ? ஒரு பக்கத்தை நூலாசிரியர் எழுதினார். மறு பக்கத்தை அம்மாணவன் படித்துக் காட்டினான்.

இத்தகைய நூல்கள் இளையோரை அச்சுறுத்தும் என்று கவலைப்பட்டவர் அவர். அம்மாணவனோ அச்சத்தை நூலிலிருந்து பெறவில்லை; நூலுக்குள் கொண்டு சென்றான். அதற்குரிய சொற்களை மட்டுமே அங்கிருந்து எடுத்து வந்தான்.

நூல் மீண்டும் அலமாரிக்குச் சென்றது, அடுத்த மாணவனுக்காக. மறுவாரம், குடியுரிமை விண்ணப்பத்துக்குரிய தாள்களை ஒவ்வொன்றாய் அடுக்கிக்கொண்டு, அம்மாணவனின் தந்தையோடு பதிவிலாகாவின் வரிசையில் நின்றார் ஆசிரியர்.